பெயர் சொல்லாத படையல்

படைத்த சோறு தீர்ந்திருந்ததில் அபிதாவுக்கு வியப்பொன்றும் இல்லை, வைத்ததே தீருவதற்குத்தான். அவள் திகைத்தது வாழையிலையைப் பார்த்து. இலையில் பாதியைக் காணவில்லை. மீதிப் பாதி, கூரையில்லாத அந்தக் கல்வீட்டின் வாசற்படியில் வைத்த இடத்திலேயே கிடந்தது. அதன் ஓரம் காற்றில் கிழிந்த மாதிரியும் இல்லை, பறவை கொத்திய மாதிரியும் இல்லை. அரைவட்டம் அரைவட்டமாக, ஒன்றையொன்று ஒட்டினாற்போல் வெட்டு. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்ட சான்ட்விச்சை மகள் லோஜனா பாதியில் வைத்துவிட்டுத் திருப்பிக்கொண்டு வருவாளே, அந்தப் பாண் துண்டின் ஓரத்தில் இருக்கும் கடிதான் இதிலும் இருந்தது. பல் மட்டும் பெரியது.

சோற்றை வைத்துவிட்டு அவர்கள் விலகி நின்றது ஐந்து நிமிடம்கூட இருக்காது. ஆள் பார்த்துக்கொண்டு நின்றால் காகம் வராது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. காகமே இல்லாத நாட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. மூன்று பேரும் உடைந்த புகைக்கூண்டுக்கு அந்தப் பக்கம் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த ஐந்து நிமிடமும் ஒரு சிறகுச் சத்தமும் கேட்கவில்லை. காலையிலிருந்து காதைத் துளைத்த குருவிகள் அத்தனையும் சொல்லி வைத்தாற்போல வாயை மூடிக்கொண்டதை அவள் அப்போது கவனிக்கவில்லை, இப்போது கவனித்தாள்.

படையல் புருசனின் அப்பாவுக்கு. மாமா தமிழ் ஆள். எத்தனை வருடப் பசியோடு வந்தாலும் சோற்றைத்தான் சாப்பிடுவார், இலையைச் சாப்பிடமாட்டார். இப்படி ஒரு நினைப்பு தனக்கு ஏன் வந்தது என்று அபிதாவுக்குத் தன்மீதே எரிச்சல் வந்தது.

அவள் புருசன் கீதன் குனிந்து இலையைப் பார்த்தான். அவன் கண்ணுக்குக் கடி தெரியவில்லை, வெறுமை மட்டும்தான் தெரிந்தது. "சாப்பிட்டிட்டார், அபி," என்றான். முகத்தைப் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரித் தோள் குலுங்க அழுதான். கலியாணம் கட்டிய பதினொரு வருடத்தில் அவன் அழுது அவள் கண்டதில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டாள். அதற்காகத்தானே இவ்வளவும் செய்தது.

போரின் கடைசி நாட்களில் கீதனுடைய அப்பா நவரத்தினம் காணாமல் போனார். செத்ததைக் கண்டவர் ஒருவரும் இல்லை. அதனால் கீதன் திவசம் செய்யவில்லை, படத்துக்கு மாலை போடவில்லை, தகப்பன் இல்லாதவர்கள் விரதம் பிடிக்கும் ஆடி அமாவாசைக்கு மற்றவர்களெல்லாம் நோன்பிருக்கும்போது அவன் மட்டும் வேண்டுமென்றே கோழிக்கறி கேட்பான். ஒக்லாந்துக்குத் தெற்கே பாபகூராவில் வீடு வாங்கியபோது ஓர் அறையை ஒன்றும் வைக்காமல் விட்டிருந்தான். யாருக்கு என்று சொல்லவில்லை. போன மாதம் அந்த அறைக்குள் நின்று, "எனக்கு இனி ஏலாது, இந்த முறை அப்பாவுக்குச் செய்வம்" என்று தானாகவே சொன்னான்.

கோயிலில் செய்ய மறுத்துவிட்டான். அங்கே ஐயர் பெயர் கேட்பார், நட்சத்திரம் கேட்பார், செத்த திதி கேட்பார். கடற்கரையில் வைப்போம் என்றதற்கு, "பிஷ் அன்ட் சிப்ஸ் பொறுக்கிற சீகலுக்கு அப்பாவின்ரை சோத்தை வைக்கவோ?" என்றான். கடைசியில் அவன்தான் இந்தத் தீவைக் கண்டுபிடித்தான். ஒக்லாந்தின் துறையிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். ஸ்கொட்லாந்துக்காரர் செம்பு தோண்டிய பழைய சுரங்கமும், இடிந்த கல்வீடும், எலி பூனை ஒன்றும் இல்லாததால் பயமின்றித் தரையில் திரியும் பறவைகளும். ஆடி அமாவாசை புதன்கிழமை வந்தது. லோஜனாவின் பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று எழுதிப் போட்டுவிட்டு மூன்று பேரும் முதல் ரயிலைப் பிடித்தார்கள்.

அபிதா காலை மூன்று மணிக்கே எழும்பிச் சமைத்தாள். ஆடி அமாவாசைப் படையலுக்குக் கட்டாயமான காத்தோட்டிக்காய் இலங்கைக் கடையில் உறைந்த பக்கற்றில் கிடைத்தது, வாழையிலையும் அப்படியே. தீவில் பறவைகளுக்குத் தீனி போடக்கூடாது என்று அறிவித்தல் இருந்ததால் சாப்பாட்டுப் பெட்டியை ஜக்கெற்றுகளுக்கு அடியில் வைத்தாள். இறங்குதுறையில் எலி இருக்கிறதா, சப்பாத்தில் விதை ஒட்டியிருக்கிறதா என்று பைகளைத் திறந்து பார்த்தவர் ஒரு தமிழ் அம்மா. கிளாரா என்று பெயர், மலேசியாவில் தாதியாக இருந்தவர், ஓய்வெடுத்தபின் இங்கே சம்பளமில்லாமல் வழிகாட்டியாக வருகிறார். பெட்டியைப் பார்த்தார், அபிதாவின் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே பையை மூடிவிட்டார்.

"ரேஞ்சர் இன்னிக்கு அந்தப் பக்கம் எலிப்பொறி பார்க்கப் போயிட்டாரு. நீங்க மூணு பேருதான் விசிட்டர். மூணரைக்கு ஃபெரி, விட்டா நாளைக்குத்தான் லா," என்றார். லோஜனாவிடம் துறைக்குப் பக்கத்தில் பெங்குவின் பெட்டிகள் இருப்பதையும், மூடியை மெதுவாகத் திறந்தால் உள்ளே தூங்குவதைப் பார்க்கலாம் என்பதையும் சொன்னார்.

எல்லாம் சரியாகத்தான் நடந்தது, படைக்கும் நேரம் வரை. கீதன் கடலில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு குளிரில் நடுங்கிக்கொண்டு, கல்வீட்டின் வாசற்படியில் இலையை விரித்துச் சோறு கறியைப் பரப்பினான். கையெடுத்துக் கும்பிட்டான்.

"அப்பா, வாங்கோ. அப்பா, வாங்கோ. வந்து சாப்பிடுங்கோ."

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ," என்றாள் அபிதா மெதுவாக. "ஆரெண்டு சொல்லாமல் கூப்பிடக் கூடாது."

"சும்மா இரும். பேரைச் சொன்னா எல்லாம் முடிஞ்சு போச்சு."

அவனால் முடியவில்லை. நவரத்தினம் என்று சொல்லிவிட்டால் அவர் செத்தது உறுதி என்று ஆகிவிடும். அந்தக் கடைசி நூலை அறுக்க அவனுக்குக் கை வரவில்லை. அவளுக்கும் அது விளங்கியது. அதனால் வற்புறுத்தாமல் விட்டாள். பெயரும் ஊரும் இல்லாத அழைப்பு அந்த இடிந்த வீட்டு வாசலில் இருந்து போனது.

இப்போது கீதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடிபட்ட இலையில் ஒட்டியிருந்த நாலு பருக்கையை விரலால் வழித்து வாயில் போட்டான். அபிதா தடுக்கக் கையை நீட்டினாள். என்ன சொல்லித் தடுப்பது? அப்பா சாப்பிட்ட மிச்சம் என்று மகன் சாப்பிடுகிறான். அவள் கை பாதியில் நின்றது.

விரதம் முடிந்ததால் பெட்டியைத் திறந்து பரிமாறினாள். வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஈர வாடை வந்தது. துருவும், கெட்டுப்போன கொழுப்பும் கலந்த மாதிரி, கழுவாத இறைச்சிச் சட்டியைத் திறந்த மாதிரி. லோஜனா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இட் ஸ்டிங்க்ஸ், அம்மா. கேன் ஐ சீ த பெங்குவின்ஸ்?" என்றாள். நேர்ப்பாதைதான், துறை மேலிருந்தே தெரிகிறது, கிளாராவும் கீழே இருக்கிறார். போ என்று விட்டாள் அபிதா. எட்டு வயதுப் பிள்ளையின் மஞ்சள் ஜக்கெற் பற்றைகளுக்கிடையே இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் கீதன் சாப்பிடும் சத்தம் கேட்டது. திரும்பாமலே அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கீதன் சத்தமில்லாமல் சாப்பிடுகிறவன்; வாயை மூடி, மெல்ல மென்று, கையைக்கூட நுனிவிரலுக்கு மேல் நனைக்கமாட்டான். இது வேறு சத்தம். மூச்சு விட நேரமில்லாமல் விழுங்குகிற, தொண்டையில் கட்டி கட்டியாக இறங்குகிற சத்தம். திரும்பிப் பார்த்தாள். மூன்று பேருக்கும் கொண்டுவந்த சோறு முடிந்திருந்தது. அவன் பெட்டியின் ஓரத்தை நக்கிக்கொண்டிருந்தான்.

"இஞ்சருங்கோ," என்றாள். "பிள்ளைக்கு வைக்கேல்லையே?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபமில்லை, அன்புமில்லை. சந்தையில் மீனைப் புரட்டிப் பார்க்கிறவன் பார்வை. அவளுடைய முகத்தில் அது நிற்கவில்லை. கழுத்துக்கு வந்தது, தோளுக்கு வந்தது, கைச் சதையில் கொஞ்ச நேரம் தங்கியது. பதினொரு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவனிடமிருந்து அபிதா இரண்டடி பின்னால் வைத்தாள். பயம் என்று அதற்குப் பெயர் வைக்க அவள் வெட்கப்பட்டாள்.

கிளாரா மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். "பாப்பா பெங்குவின் கிட்ட இருக்கா. ஒண்ணைத் தேடிட்டு வந்தேன் ம்மா, தாக்காஹே, நீலப் பறவை. இந்தத் தீவுல இருக்கிற பத்துல ஒண்ணு, முட்டை வைக்கப் போவுது, காலைலேர்ந்து காணோம்." வாசற்படியில் கிடந்த இலையைக் கண்டார். திட்டப்போகிறார் என்று அபிதா எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை. முகம் வெளுத்துப் போனது.

"இங்கயா வச்சீங்க? இந்த வீட்டுலயா?"

"ஏன் அன்ரி?"

"நாங்க யாரும் இங்க உட்கார்ந்து சாப்பிட மாட்டோம். ஒரு குளிர்காலம் சாமான் கப்பல் வரலயாம், அந்தக் காலத்துல. சுரங்கத்துல பன்னெண்டு பேர் இருந்தாங்க. மூணு மாசம் கழிச்சுக் கப்பல் வந்தப்ப ஒரே ஒரு ஆளு, மேனேஜரு, இந்த வாசல்ல உட்கார்ந்திருந்தானாம்." கிளாரா குரலைத் தாழ்த்தினார். "மெலியவே இல்லியாம் ம்மா அவன்."

அபிதா கீதனைப் பார்க்கத் திரும்பினாள். கீதன் இருந்த இடத்தில் இல்லை.

அந்தப் பறவையை அவள் அப்போதுதான் முதலில் கண்டாள். வளர்ந்த கோழி அளவு, மினுங்கும் நீலம், கனத்த சிவப்பு அலகு, காலில் நிற வளையங்கள். சுவர் மூலையில் புல்லுத்தண்டைக் காலால் பிடித்து மென்றுகொண்டு நின்றது. மனிதனுக்குப் பயப்படத் தெரியாத பறவை. கீதன் அதன் பக்கத்தில் குந்தியிருந்தான். அது அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவன் இரண்டு கையாலும் அதைத் தூக்கினான். கழுத்தைத் திருகவில்லை. கடித்தான்.

எலும்பு நொறுங்கிய சத்தம் கல்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பறவை கத்தவில்லை, செட்டை மட்டும் அவன் கன்னத்தில் இரண்டு மூன்று முறை அடித்து ஓய்ந்தது. நீலத் தூவல் வாயில் ஒட்ட, அவன் மென்றான்.

கிளாரா ஓடினார். எழுபது வயது, முழங்கால் வலி, ஆனாலும் ஓடினார். "விடு! அதை விடு!" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தார். கீதன் அவரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு, வழியில் கிடக்கும் கதிரையை நகர்த்துகிறவன் மாதிரி, அவருடைய தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து வாசல் நிலைக்கல்லில் அடித்தான்.

ஒருமுறை.

இன்னொருமுறை.

அபிதா பாய்ந்து அவன் முதுகில் விழுந்தாள். சட்டையைப் பிடித்து இழுத்தாள், தோளைக் கடித்தாள், "கீதன், நான், நான் அபி," என்று கதறினாள். அவன் உடம்பு சுட்டது. அந்தக் குளிரில், ஈர வேட்டியோடு, அடுப்பு மாதிரிச் சுட்டது. முழங்கையால் ஒரு அடி. அவள் விலாவில் ஏதோ முறிந்துபோனது. விழுந்த இடம் கிளாராவின் மடி. கிளாராவின் கண் திறந்திருந்தது. நெற்றியில் இருந்து வந்த இரத்தம் அபிதாவின் இரண்டு கையையும், மார்பையும், கன்னத்தையும் நனைத்தது.

கீதன் குனிந்தான். இவளிடம் அல்ல. கிளாராவின் கையைத் தூக்கி, சட்டைக் கையை முழங்கைவரை ஒழுங்காக மடித்துவிட்டான்.

அதற்குமேல் அபிதா பார்க்கவில்லை. ஓடினாள்.

லோஜனா. அந்த ஒரு பெயர்தான் தலைக்குள் இருந்தது. பிள்ளை துறையில் தனிய இருக்கிறாள். அவன் முடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். முடித்தபின் எங்கே வருவான் என்று அவளுக்குத் தெரியும். பற்றை முகத்தில் அடித்தது. விலாவில் கத்தி மாதிரி மூச்சு. சறுக்கி விழுந்தாள், எழும்பினாள், கைபேசியை எடுத்தாள், சிக்னல் இல்லை, எறிந்தாள். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அதுதான் கூடப் பயமாக இருந்தது. ஒரு குருவி இல்லை. ஒரு காலடி இல்லை. தன்னுடைய மூச்சு மட்டும்.

துறை. பலகை. மஞ்சள் ஜக்கெற்.

லோஜனா மரப்பெட்டியின் மூடிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். "ஷ்ஷ், அம்மா, இட்ஸ் ஸ்லீப்பிங்," என்றவள் நிமிர்ந்து தாயைப் பார்த்ததும் முகம் கோணியது. "அம்மா. யூ ஹாவ் பிளட்."

"வா. எழும்பு. வா."

"வெயார்ஸ் அப்பா?"

அபிதா பிள்ளையை இழுத்துக்கொண்டு துறையின் நுனிக்குப் போனாள். தூரத்தில் வெள்ளையாக ஃபெரி. வருகிறது. கடவுளே, வருகிறது. இருநூறு மீற்றர் இருக்கலாம். தளத்தில் ஆள் நிற்பது தெரிந்தது. அவள் கையை ஆட்டினாள். அவர்களும் ஆட்டினார்கள். இரத்தம் அவ்வளவு தூரத்துக்குத் தெரியாது.

பலகை அதிர்ந்தது.

கீதன் வந்துகொண்டிருந்தான். ஓடவில்லை. வேட்டியை மாற்றிக் காற்சட்டை போட்டிருந்தான். ஓடையில் முகம் கழுவியிருந்தான். ஈரத் தலையை விரலால் வாரியிருந்தான். உதட்டில், பல்லில், நகத்தில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. கோயிலுக்குப் போய்வரும் ஆள் போல. தோளில் லோஜனாவின் பள்ளிப் பை. மகளைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தான்.

"அப்பா!" லோஜனா கையை உருவப் பார்த்தாள். "லெட் கோ, அம்மா! யூ ஆர் ஹர்ட்டிங் மீ!"

துறைக் கொட்டிலின் சுவரில் படகை இழுக்கும் நீளக் கொக்கித்தடி மாட்டியிருந்தது. இரும்பு முனை. அபிதா மகளைப் பின்னால் தள்ளிவிட்டு அதை எடுத்தாள். அவன் பக்கத்தில் வந்தான். சிரித்தான். கீதனுடைய சிரிப்பேதான், ஒரு பக்கம் கூடப் போகும் அதே சிரிப்பு. அவள் தடியைத் தாழ்த்தினாள். அவன் பார்வை அவளைத் தாண்டிப் பிள்ளையின் மீது போனது. கன்னம். கழுத்து. கை.

அடித்தாள். காதுக்கு மேலே. பிறகு முகத்தில். பிறகு விலாவில் குத்தித் தள்ளினாள். கீதன் துறையிலிருந்து சரிந்து, படகுப் பக்கமாகத் தண்ணீருக்குள் விழுந்தான்.

லோஜனா கத்தினாள். ஃபெரியிலிருந்தும் கத்தினார்கள்.

அதன்பிறகு எல்லாம் வேகமாகவும், எல்லாம் பிழையாகவும் நடந்தது. ஃபெரி துறையை ஒட்டியது, அதிலிருந்து கயிற்றில் கட்டிய மிதவை வளையம் பறந்து தண்ணீரில் விழுந்தது. அபிதா அதை இழுத்து எடுக்கப் பாய்ந்தாள். "நோ! டோன்ட் டேக் ஹிம்! ஹி கில்ட் எ வுமன்! அப் தெயர்!" துறைக்குக் குதித்த படகுப் பையன்களில் ஒருவன் அவள் கையிலிருந்து தடியைப் பறித்தான். இன்னொருவன் பின்னாலிருந்து அணைத்துப் பிடித்தான். நல்ல பிள்ளைகள். இருபது வயதுதான் இருக்கும். "ஓகே மேம், ஓகே, வீ காட் யூ," என்று அவன் மன்றாட்டமாகச் சொன்னான். அவன் கண்டதெல்லாம், உடம்பு முழுக்க இரத்தத்தோடு ஒரு பெண் தன் புருசனை இரும்பால் அடித்துக் கடலில் தள்ளியதுதான். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். அவர்கள் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள்.

கீதனைத் தூக்கினார்கள். வளையத்தைப் பிடிக்கத் தெரிந்திருந்தது அவனுக்கு. தளத்தில் குந்திக்கொண்டு இருமினான், நடுங்கினான், தலையில் கட்டுப்போட விட்டுக்கொடுத்தான். போர்வை போர்த்தினார்கள். சூடான தேநீர் கொடுத்தார்கள். ரேடியோவில் பொலிசைக் கூப்பிட்டார்கள். மேலே போய்ப் பாருங்கள், அந்த வீட்டில் பாருங்கள் என்று அபிதா ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தினாள். ரேஞ்சருக்குச் சொல்லியாயிற்று, அவர் போய்ப் பார்ப்பார், நீங்கள் அமைதியாக இருங்கள் என்றார் கப்டன்.

"லோஜனா, இஞ்ச வா. அம்மாட்டை வா, ராசாத்தி."

லோஜனா தாயின் கைகளைப் பார்த்தாள். சிவப்பாக இருந்த அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு பின்வாங்கி, அழுதுகொண்டு உள்ளே ஓடினாள்.

அபிதாவை வெளித்தளத்து இருக்கையில் இருத்தி, இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். கூச்சல் பிள்ளையைப் பயப்படுத்துகிறது என்று கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டார்கள். என்ஜின் உறுமியது. தீவு பின்னால் போகத் தொடங்கியது. இன்னும் ஒன்றேகால் மணி நேரம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹீற்றருக்குப் பக்கத்தில் கீதன் இருந்தான். தேநீரைத் தொடவில்லை. லோஜனா அவனுடைய போர்வைக்குள் ஒண்டிக்கொண்டு, அழுகை ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். காவலுக்கு நின்ற பையன் அதைப் பார்த்து மனமிளகி, தகப்பனும் பிள்ளையும் தனிய இருக்கட்டும் என்று மேலே கப்டனிடம் போனான்.

அபிதா திமிறினாள். பிடி அசையவில்லை. கத்தினாள். என்ஜின் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை.

கீதன் மகளின் கையை எடுத்தான். ஜக்கெற் கையை முழங்கைவரை ஒழுங்காக மடித்துவிட்டான். குளிர்ந்துபோன சின்ன விரல்களை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், சூடேற்றுகிறவன் போல ஊதினான். பிறகு வாயைத் திறந்தான். இன்னும் திறந்தான். நாலு விரலும் உள்ளே போயின, பெருவிரலும் போனது, மணிக்கட்டு வரை போனது.

லோஜனா கண்ணீரோடு, கூச்சப்பட்டுச் சிரித்தாள்.